இரண்டு கார் நீளம்

கடைசிச் சுற்று முழுவதையும் ரிவர்ஸிலேயே ஓட்டி அவர் சாம்பியன் ஆனார்.

மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் இளநீர்.

இளநீர் இந்தக் கதையில் போன வருடம்தான் சேர்ந்தது.

எழுபத்தெட்டு வயதில், கோயம்புத்தூர் வெயிலில், சாமியானாவுக்குக் கீழே நின்று ஆயிரத்தோராவது தடவையாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே கார் கிளப்பின் புதுச் சுவர். சுவரில் ஏணி. ஏணியில் பெயிண்டர்.

சாம்பியனின் பெயர் சுவரில் காய்ந்துவிட்டது. அதன் கீழே ஆறு பட்டங்களின் வருடங்களும் காய்ந்துவிட்டன.

ஒரு வரி பாக்கி.

‘ரிவர்ஸில் வந்து ஜெயித்தவர்.’

அந்த ஒரு வரி கிடைக்குமென்றால் மற்ற ஐந்து பட்டங்களையும் அவரே சுரண்டிக் கொடுத்திருப்பார்.

கிளப் செயலாளர் சுகிர்தா கையிலிருந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்பு வெள்ளைப் படம். முடிவுக் கோட்டின் மேல் சாம்பியனின் கார். காரின் மூக்கு, வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஜெயித்தது என்னவோ பின்பக்கம்தான்.

ஓடுகிற வண்டியா, சுழல்கிற வண்டியா?

படத்துக்குத் தெரியாது.

“ஸ்பின் ஆச்சு. கோட்டு மேல போய் விழுந்துச்சு. அவ்வளவுதான்” என்றார் நஞ்சப்பன்.

அன்று இரண்டாவதாக வந்தவர். அன்றைக்கு ஓட்டியவர்களில் இவர்கள் இருவர்தான் மிச்சம். ஐம்பத்திரண்டு வருடமாக நஞ்சப்பன் சொல்வது இந்த ஒன்றையேதான். சாம்பியனின் கல்யாணப் பந்தியில் சொன்னார். ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடும் சொன்னார்.

சுகிர்தா படத்தைக் கவரில் போட்டார்.

“பார்த்தவங்க ஒருத்தராவது சொல்லோணுங்க சார். நாளைக்குத் திறப்பு விழா. இல்லாட்டி வெறும் வருஷத்தோட விட்டுறலாங்க.”

பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவத் தொடங்கினார்.

சாம்பியனின் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுபோனது. இதற்கு முன் அது எப்போது நின்றது என்று அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை.

இளநீரையும் மற்ற புளுகையும் கழித்துவிட்டால் அவர் சொல்வது இவ்வளவுதான். கடைசி வளைவில் கியர்பாக்ஸ் நொறுங்கியது. வண்டி அரை வட்டம் சுழன்று நின்றது. முன்னால் போகிற கியர் ஒன்றுகூட விழவில்லை. ரிவர்ஸ் விழுந்தது. முடிவுக் கோடு இருந்ததோ முதுகுக்குப் பின்னால். பக்கக் கண்ணாடியில் கோட்டைப் பார்த்தபடி மிதித்தார். அந்தக் காலத்து ஹெல்மெட், முகத்தை மூடாது. சிரித்துக்கொண்டேதான் மிதித்தார்.

யார் நம்புவார்கள்?

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு நஞ்சப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பெருமூச்சு. வாங்கிய கோப்பைகளில் பாதியை நிரப்புகிற அளவுக்குப் பெரியது.

“விடும்மா. நஞ்சப்பன் மேல தப்பில்ல. அவன் எப்படிப் பார்த்திருப்பான்? ஒரு மைலு பின்னாலதான வந்துட்டிருந்தான்.”

ஐம்பத்திரண்டு வருடப் புளுகில் இந்த ஒன்றை மட்டும் அவர் இதுவரை சொன்னதே இல்லை.

பந்தலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நஞ்சப்பனின் காது சிவந்தது.

“எத்தனை?”

“ஒரு மைலு. ஒன்றரைகூட இருக்கும்.”

நஞ்சப்பன் கைத்தடியை மறந்துவிட்டு எழுந்தார்.

“ஒரு மைலா? டேய், ரெண்டு கார் நீளம்டா! மூஞ்சிக்கு மூஞ்சி வந்தோம்! உன் முன்பல்லுல முருங்கைக்கீரை ஒட்டியிருந்தது வரைக்கும் தெரிஞ்சுது எனக்கு! எதுத்தாப்புல ஒருத்தன் இளிச்சுட்டு உக்காந்திருந்தா எவன்டா பிரேக் போடமாட்டான்? நாந்தான் வழி தப்பி எதிர்ப்பக்கமா ஓட்டறேனாக்கும்னு…”

பேச்சு பாதியில் நின்றது.

பெடஸ்டல் ஃபேன் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

பாதி ஏணி இறங்கியிருந்த பெயிண்டர் மறுபடி ஏறினார்.

சாம்பியன் வாயை மூடிக்கொண்டு, நாக்கால் முன்பல்லைத் தடவிப் பார்த்தார்.

நஞ்சப்பன் மெல்ல உட்கார்ந்தார். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதலாங்களா?” என்றார் பெயிண்டர்.

“எழுதப்பா. ரிவர்ஸ்லதான் வந்தான்.”

நஞ்சப்பன் கைத்தடியால் சுவரைக் காட்டினார்.

“அதுக்குக் கீழயே என் பேரையும் போடு. தள்ளிப் போட்டுறாத. ரெண்டு கார் நீளம்தான்.”