முதலையின் புன்னகை

ஒரு குளத்துத் தவளைகளுக்குக் கத்திக் கத்தி மழையைக் கூப்பிடுகிற வேலை. அவற்றுக்குப் புதிதாக வந்த மேனேஜர் ஒரு முதலை. இந்த வருஷம் மேகம் வந்து நின்றும் தவளைகளிடமிருந்து சத்தமே இல்லை. குளமோ வற்றிக்கொண்டே போனது.

‘பிள்ளைகளுக்கு மனசு சரியில்லை போல’ என்று கவலைப்பட்ட முதலை, காலையில் ஒவ்வொரு தவளையிடமும் போய், வாய் நிறையச் சிரித்து, “சந்தோஷமா இருக்கியாப்பா?” என்று கேட்டது.

“இருக்கேன் ஐயா. இன்னும் இருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றும் சேற்றுக்குள் புதைந்துகொண்டது.

முதலை இன்னும் அகலமாகச் சிரித்துப் பார்த்தது. தாடை வலித்ததுதான் மிச்சம்.

அப்போது ஆமை மெல்லப் பக்கத்தில் வந்தது. “ஐயா, கோச்சுக்காதீங்க. நீங்க சிரிச்சா பல்லு அத்தனையும் தெரியுது.”

“ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. கூரா இருக்கு.”

முதலை வாயை மூடிக்கொண்டு குளத்தின் அந்தக் கோடிக்குப் போய்ப் படுத்தது. தாடைக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படியே தூங்கிப்போய்க் குறட்டையும் விட்டது.

சேற்றிலிருந்து ஒரு தவளை தலையை நீட்டியது. “அட, ஐயா நல்லா சுருதி பிடிக்கிறாரே” என்று தொண்டையைச் செருமிக்கொண்டது.

மழை கொட்டி, குளம் நிறைந்து, முதலை தூக்கத்திலேயே மிதக்க ஆரம்பித்த பிறகும் கச்சேரி நிற்கவில்லை.