மூன்றாவது ஓலை

கல்யாண ஓலை வாசிக்கும்போது, கோயிலுக்குள் எழுந்து நின்று "தடை இருக்குதுங்க" என்று சொல்கிறவனை நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

சோமனூர்ப் பக்கத்து மாதா கோயிலில் அன்றைக்கு அடிக்கவே போய்விட்டார்கள்.

லூசியாள் மெட்ராஸில் நர்சுக்குப் படித்துவிட்டு அந்தத் தையில்தான் ஊர் திரும்பியிருந்தாள். வந்த கையோடு அவள் அப்பா இன்னாசி, கோயமுத்தூர் மில் மேஸ்திரி ஒருவரைப் பேசி முடித்துவிட்டார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இரண்டு முடிந்தது. லூசியாள் தலை நிமிரவே இல்லை. வெட்கம் என்றார்கள்.

மூன்றாவது ஓலையை வாசித்துவிட்டு, "தடை உண்டா?" என்றார் பங்குச் சாமியார்.

ஆண்கள் பக்கத்தில் தறிக்காரச் சவரியப்பன் எழுந்தான்.

"இருக்குதுங்க சாமி."

"என்ன தடை?"

"அது வந்துங்க..." தலையைச் சொறிந்தான். "தெரியலீங்க."

கோயிலே சிரித்தது.

"சின்னதுல ஒண்ணா வெளையாடினவனாச்சே, பொறாமைங்க சாமி!" என்றாள் ஒருத்தி.

"ஊடு நெறைய ஒறம்பரை வந்திருக்குது, மானத்தை வாங்கிப்போட்டியேடா!" இன்னாசி கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

பெண்கள் பக்கமிருந்து லூசியாள் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அவரை அடிக்காதீங்கப்பா. நான்தான் கூப்பிட்டேன்."

"நீ எப்பக் கூப்பிட்டே? வாயே தொறக்கலையே?"

முந்தானையைக் காட்டினாள். நுனியில் ஒரு முடிச்சு.

"சாமி, சின்னதுல ஞானோபதேச வகுப்புல கேள்வி கேப்பீங்களே, ஞாபகமிருக்குதுங்களா? பதில் தெரியலீன்னா பாவாடை நுனியில முடிச்சுப் போடுவேன். அதைப் பாத்ததும் இவரு சிலேட்டைக் கீழே போடுவாரு. பிரம்படி அவருக்குப் போயிரும்."

"அட, அந்தச் சிலேட்டு உடைக்கிறவனா நீ!" என்றார் சாமியார்.

இன்னாசியின் கை இறங்கியது.

"புடிக்கலீன்னு எங்கிட்டச் சொல்றதுக்கென்ன கண்ணு?"

"சொன்னேனுங்கப்பா. நீங்க தேங்காய் வாங்கப் போயிட்டீங்க."

இன்னாசி சாமியார் பக்கம் திரும்பினார். "அந்த ஓலையை விட்டுடுங்க சாமி. மேஸ்திரிகிட்ட நானே போய்ப் பேசிக்கிறேன்" என்றார்.

லூசியாள் முடிச்சை அவிழ்த்தாள்.

சவரியப்பன் சத்தமில்லாமல் வாசல் பக்கம் நழுவிக்கொண்டிருந்தான். அந்தக் காலத்தில் அவனை "டேய்" என்று கூப்பிட்டவள்தான்.

"ஏனுங்க!" என்றாள். அவன் நின்றான்.

"உங்களுக்குச் சம்மதம்னா, அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம ஓலையை வாசிக்கச் சொல்றேன். அன்னைக்கு மட்டும் எந்திரிக்காம உக்காந்திருங்க."