சிவப்புப் புள்ளி

தையல் கூடத்தில் காலர் தைப்பவளுக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். பட்டன் தைக்கும் அக்கா எச்.ஐ.வி. மாத்திரை விழுங்குவதைப் பார்த்ததும், அக்கா குடித்து வைத்த டம்ளருக்கு அடியில் தன் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தாள்.

“நம்மள்ல ஒருத்தருக்கு அந்த நோய். பேரைச் சொன்னா பாவம். புள்ளி வெச்ச டம்ளர் யார் கையில இருக்குன்னு பார்த்துக்கோங்க” என்று தைக்கும் பெண்கள் எல்லாரிடமும் ஒலிபரப்பினாள். தனக்கு இவ்வளவு நாசூக்கா என்று அவளுக்கே ஆச்சரியம்.

மறுநாளிலிருந்து ரேடியோவின் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை, பட்டன் அக்காவைத் தவிர.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டம்ளர்களைக் கழுவி டீ தரும் டீக்காரம்மாவிடம் கேட்டாள். “ஏம்மா எல்லாரும் என்னைக் கண்டா ஒதுங்கறாங்க?”

“தெரியலையேம்மா. உன் டம்ளரைக்கூட மாத்தாமதான் குடுக்கறேன். அடியில உன் நகச்சாயம் இருக்கே.”

ரேடியோ டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் அவள் வைத்த அதே சிவப்புப் புள்ளி.

பட்டன் அக்கா அதை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். “பயப்படாம குடி. எங்க வீட்டுல ஆறு வருஷமா ஒரே டம்ளர்தான், யாருக்கும் ஒட்டல. இதையும் அவங்ககிட்ட சொல்லேன்டி, நீதான் ரேடியோவாச்சே.”

மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தாள்.