சுவருக்கு அந்தப் பக்கம்

பித்தம் தலைக்கு ஏறும் என்று படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். பெரும்பிழை. கல்லீரலிலிருந்து குழாய் வழியே குடலுக்கு இறங்குவது மட்டுமே பித்தத்துக்குத் தெரியும். ஓர் உடம்பில் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டது. தின்ற நெய் செரிக்காமல் குடல் தவித்தது.

ஒருநாள் ஒரு காந்தம் வந்து குடலின் சுவரில் ஒட்டி நின்றது.

"யாருடா நீ? சோறா, மருந்தா?"

"ரெண்டும் இல்லண்ணே, காந்தம். டாக்டர் வாய் வழியா இறக்கிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம், பித்தக்குழாயில, என் தம்பி காந்தம் நிக்கிறான்; அவனை விலாவுல ஊசி குத்தி இறக்கினாங்க. நாங்க ஒட்டிக்கணும்."

"நடுவுல என் சுவர் இருக்கே?"

"அதுல வழி விழும்ணே. பித்தம் வரும்."

"சுவருல கன்னம் வைக்க வந்த எந்தத் திருடன்டா உண்மையைச் சொல்லியிருக்கான்?"

குடல் நெளிந்து தள்ளிப் பார்த்தது. காந்தம் அசையவில்லை. சில நாளில், இரண்டு காந்தங்களுக்கும் இடையே நசுங்கிய சுவர் இற்றது. விளிம்புகள் குழாயோடு ஒட்டி ஆறின. காந்தங்கள் ஒன்றாக உள்ளே விழுந்தன. பின்னாலேயே பித்தம் பாய்ந்து நெய்யைக் கரைத்தது.

"எதைடா எடுத்துட்டுப் போறீங்க?"

"ஒண்ணும் இல்லண்ணே."

குடல் நம்பவில்லை. வளைவுக்கு வளைவு தடவிச் சோதனை போட்டுக்கொண்டே அவர்களைப் பின்வாசல் வரை கொண்டுபோய் வெளியே தள்ளியது.

கழிப்பறைப் பீங்கானில் டங்கென்று ஒரு சத்தம் கேட்டது.