குரல் வரும் பக்கம்

மலைப்பாதையைச் சீர்செய்ய ஞாயிறுதோறும் கூடுகிற எங்கள் குழுவில், பாறைகளில் அம்புக்குறி போடுவதற்காக வெள்ளைப் பெயின்ட் டப்பாவோடு முன்னால் போன அமலதாஸ் திரும்பி வரவில்லை. குரல் மட்டும் புதருக்குள்ளிருந்து வந்தது. "இங்கதான்ப்பா இருக்கேன். இன்னும் ரெண்டு புதரை வெட்டுனா வந்துரலாம்." வெட்டினோம். குரல் அதே தூரத்தில்தான் கேட்டது. வனத்துறையினர் நாய்களோடு தேடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் மட்டும் குரல் வரும் பக்கமாக உண்ணிச்செடியை வெட்டி, கல் பதித்து, இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறோம். மலையிலேயே நல்ல பாதை இதுதான் என்று இப்போது குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பாதை முடிகிற இடத்தில் நின்று பிள்ளைகள் "யாரு?" என்று கத்துகிறார்கள். "நான்தான், அமலதாஸ்" என்று பதில் வந்ததும் கைதட்டிச் சிரிக்கிறார்கள். அவன் மனைவி ரெஜினா ஒவ்வொரு வாரமும் அவனுக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வருவாள், அப்படியே திருப்பிக் கொண்டுபோவாள்.

போன ஞாயிறு அவள் என் கையைப் பிடித்துவிட்டாள். "போதும்ண்ணே. நீங்க வெட்ட வெட்டத்தான் அவரு தள்ளித் தள்ளிப் போறாரு. கொஞ்ச நேரம் சும்மா இருங்க. அவரே வரட்டும்."

அரிவாளையும் கடப்பாரையையும் கீழே போட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, முதல்முறையாகப் பயந்துபோன குரலில், அமலதாஸ் கேட்டான்: "என்னப்பா, வெட்டுற சத்தத்தையே காணோம்? போயிட்டீங்களா?"

கீழே கிடந்த என் அரிவாளை ரெஜினா எடுத்தாள்.