பதினோரு மணி நேரலை

“நேத்து பதினோரு மணிக்கு, என் ஃபோன்ல, என் ரெண்டு கண்ணால பார்த்தேன். இந்தம்மா என் பொண்ணு முதுகுல ஓங்கி அடிச்சாங்க” என்றாள் தாய். வங்கியில் மேலாளர்.

குழந்தைகள் காப்பகத்தின் அலுவலக அறையில் அவள் உட்காரவில்லை. நாற்காலியை அவள் பார்த்த பார்வையில் நாற்காலியே கூசியிருக்கும். உரிமையாளர் எழுந்து நின்று கையைப் பிசைந்தார். ஆயா சுவரோரம் நின்றாள்.

மூலையில், கேமராக்களைப் பார்த்துக்கொள்பவன் கறுப்புத் திரைக்கு முன் உட்கார்ந்து சிரிப்பை அடக்கினான்.

நேற்றாம். பதினோரு மணியாம்.

குழந்தைகள் அறையின் கேமரா செத்து மூன்று வாரம் ஆகிறது. புதிது கேட்டதற்கு, “எதையாவது ஓட்டுப்பா, எவன் பார்க்கப்போறான்” என்றார் உரிமையாளர்.

கேமரா சாவதற்கு முந்தைய ஒரு திங்கட்கிழமையின் பதிவை அவன் எடுத்துக்கொண்டான். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை: கோப்பின் பெயர், போய்ச்சேர வேண்டிய முகவரி. தினமும் எட்டு மணிக்கு என்டரைத் தட்டினால் நாற்பது வீட்டுக்கும் ‘நேரலை’ போய்விடும்.

எந்த வீட்டில் நேரலையைத் திறக்கிறார்கள், எப்போது மூடுகிறார்கள் என்று திரை வரிவரியாகச் சொல்லும். பத்து விநாடி. பன்னிரண்டு விநாடி. பிள்ளைமேல் உயிரையே வைத்திருப்பவர்களின் பாசம் அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

போன வாரம் நாள் முழுக்க மழை கொட்டியது. நேரலையின் ஜன்னலில் வெயில் காய்ந்தது. ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் கண் உறுத்தவில்லை.

“இன்னையோட இவங்கள அனுப்பிடறேன் மேடம்” என்றார் உரிமையாளர்.

ஆயா அவன் பக்கம் திரும்பினாள். “நேத்து நான் ஒரு பிள்ளை மேலயும் கை வைக்கல தம்பி. எல்லாத்தையும் பார்க்கிறவர் நீங்க. நீங்களே சொல்லுங்க.”

வாயைத் திறந்தால் வேலை போகும். பொறியியலைப் பாதியில் விட்டவனுக்கு இந்த மூலையும் பெரிதுதான். ஆனால் பொய்யைச் சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் மேலாளரின் மூஞ்சியைச் சகிப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

திரையைத் திருப்பினான்.

“மேடம், நீங்க நேத்து பார்த்தது நேத்து நடந்ததே இல்ல. மூணு வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை. தினம் அதேதான் ஓடுது. எங்க அடிச்சாங்க, காட்டுங்க பார்ப்போம்.”

உரிமையாளர் முகத்தில் ஈயாடவில்லை.

அவன் பதிவைப் பதினோரு மணிக்கு நகர்த்தினான்.

ஜன்னலில் வெயில். பாயில் ஒரே மாதிரி நீலச் சட்டைகள். ஒரு பெண்பிள்ளை கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுகிறது. ஆயா வந்தாள், குனிந்தாள், முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“இதோ! என் பொண்ணு!”

பிள்ளை திரும்பவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது.

மேலாளரின் மகள் இல்லை அது. ஒன்று மேலேறி, ஒன்று கீழிறங்கி நின்ற அந்த இரட்டைப் பின்னல், அன்று காலை அவசரத்தில் அவன் தன் மகளுக்குப் போட்டுவிட்டது.

மூன்று வாரமாக, தினமும் பதினோரு மணிக்கு, தன் கையாலேயே அதை நாற்பது வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான்.

அவனும் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.