முப்பத்தொன்பது வளையம்

மாப்பிள்ளை பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தான். ஆர்லன் ப்ரூயெட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தலை முதல் வால் வரை இரண்டு தடவை பார்த்துவிட்டார். குலம்தான் இடித்தது.

"முப்பத்தொன்பது," என்றார். எண்ணியது வெள்ளை வளையங்களை. பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாகச் சுருண்டிருந்த மலைக் கிங்ஸ்நேக், தன் ஜாதகம் அலசப்படுவது தெரியாமல் நாக்கை நீட்டி நீட்டி இழுத்தது.

டூசானில் பாம்பு வளர்ப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடும் தேவாலய மண்டபம் அது. பெட்டியைக் கொண்டுவந்த டெல்ஃபினா, கணவரை இழந்து நான்கு மாதம் ஆனவர், இங்கே ஒருவரையும் பெயர் சொல்லி அறியாதவர். அரிசோனாவில் உள்ளூர்ப் பாம்பை விற்கக் கூடாது, சும்மா கொடுக்கலாம். கணவர் வளர்த்தவற்றை ஒவ்வொன்றாக நல்ல கைகளில் சேர்த்து வந்தார், இதுதான் கடைசி.

ஆர்லன் வீட்டில் பெண் காத்திருந்தது. வாச்சுக்கா மலையின் ஃப்ளாகா ஓடையில் இருந்து வந்த வம்சத்தில் மிச்சம் அது ஒன்றுதான். மூன்று கோடைக்கு முன் காட்டுத்தீ ஓடையை எரித்தது, அடுத்து வந்த மழை சாம்பலையும் பாறையையும் உருட்டி வந்து மூடியது. பெண்ணுக்கும் பதினேழு வயதாகிவிட்டது. இந்த வசந்தத்தில் முட்டையிட்டால் உண்டு, இல்லாவிட்டால் ஃப்ளாகா பாம்பு என்று உலகத்தில் ஒன்று இருக்கப்போவதில்லை.

அதே ஓடையின் ஆண் ஒன்று வேண்டும் என்று மூன்று வருடமாக அவர் கேட்காத ஆள் இல்லை. ஒருவரிடமும் ஃப்ளாகா என்று எழுதிய பாம்பு கிடையாது. எப்படி இருக்கும்? தீ வரும்வரை அந்தப் பெயரை அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. பாம்பு கிடைக்கிற இடத்தை இந்தக் கூட்டத்தில் யார்தான் உள்ளபடி சொல்கிறார்கள்?

டெல்ஃபினாவின் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் 'பினாலென்யோ மலை' என்று இருந்தது. அது வடக்கே எங்கோ இருக்கிற வேறு மலை, அங்கே இருப்பது இதே பாம்பில் வேறு உட்பிரிவு.

"பினாலென்யோன்னா வளையம் நாப்பத்து மூணுக்கு மேல இருக்கணும் மேடம். இது வாச்சுக்கா கணக்கு. உடம்பு ஒண்ணு சொல்லுது, சீட்டு ஒண்ணு சொல்லுது."

"அப்ப இது என்னதான் சார்?"

"கலப்பு. ரெண்டு மலையை யாரோ சேத்து விட்டிருக்காங்க."

டெல்ஃபினாவின் முகம் வாடிவிட்டது. தன் கணவர் அப்படிச் செய்கிறவர் இல்லை என்றார். தாயையும் தகப்பனையும் ஒரே ஆள்தான் கொடுத்தார், இது தன் வீட்டு அலமாரியில் பொரித்தது என்றார். பல்கலைக்கழகத்தில் இப்போது உட்பிரிவே கிடையாது, எல்லாம் ஒன்றுதான் என்கிறார்களாமே என்றும் கேட்டுப் பார்த்தார்.

"அவங்க சொல்லுவாங்க. நாளைக்கு பாம்பும் பல்லியும் ஒண்ணும்பாங்க."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பதெல்லாம் மனிதருக்கு. பாம்புக்கு ஒரு பொய்கூட ஆகாது என்பது ஆர்லன் கட்சி. கடைசிப் பெண் கன்னியாகவே செத்தாலும் சரி, கலப்பு மட்டும் கூடாது.

பக்கத்தில் ஒருவர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றிருந்தார். டெக்சாஸ் பக்கம் போகிற வழியில் எட்டிப் பார்த்தாராம். எந்தப் பாம்பை எதோடு சேர்த்தால் என்ன நிறம் வரும் என்பதுதான் அவர் வேலை. இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே ஆர்லனுக்கு ஆகாது, ஆனால் இன்றைக்கு அவரே கை காட்டினார்.

"இவருக்குக் குடுத்துடுங்க மேடம். கலப்போட கலப்பு சேரட்டும்."

டெல்ஃபினா ஒரு நிமிடம் தயங்கிவிட்டுப் பெட்டியைத் தள்ளினார். டெக்சாஸ்காரர் சீட்டை உரித்து மேஜையில் வைத்தார். தனக்கு மலையும் வேண்டாம் ஓடையும் வேண்டாம், பாம்பு போதும் என்று சிரித்தபடி பெட்டியை இடுக்கிக்கொண்டு போனார். வெளியே ஒரு பழைய லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

"அவர் பேரு, ஊருகூட நான் கேட்டுக்கல," என்றார் டெல்ஃபினா.

ஆர்லனுக்கும் மனசு சரியில்லை. இன்னும் ஒரு வசந்தம் வீண். வீட்டுக்குப் போய் அந்தக் கிழட்டுப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்று இருந்தது. சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைப்பதுபோல் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

டெல்ஃபினா உரித்த சீட்டைக் கையில் எடுத்தார். அதன் பின்னால் மடித்து ஒட்டியிருந்த பழைய அட்டை ஒன்று பிரிந்து வந்தது. நீல மசி, இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

"தாய் தகப்பனைக் குடுத்தவர் எழுதினது போல சார். 'ஒரு ஜோடி, பினாலென்யோ மலை'ன்னு இருக்கு. இந்த மனுஷன் வாக்கை எங்க வீட்டுக்காரர் வேதமா நம்பினாரு."

கண்களைச் சுருக்கிக்கொண்டு அடியில் இருந்த கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஆர்லன் ப்ரூயெட்... உங்களுக்கு இவரைத் தெரியுமா சார்?"